புள்ளிகளைக் கூட்டினால் பிழை குறையுமா? பல்லுறுப்புக்கோவை இடைச்செருகலின் பிழையும் ஒருங்குதலும்

ஒரு சார்பின் மதிப்பு சில புள்ளிகளில் மட்டும் கையில் இருக்கிறது. அந்தப் புள்ளிகள் அத்தனையின் வழியாகவும் செல்லும் பல்லுறுப்புக்கோவையைக் கட்டி, இடைப்பட்ட மதிப்புகளை அதிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் இடைச்செருகல். 11 புள்ளிகள் கொடுத்தால், படி 10க்கு மிகாத கோவை ஒன்றே ஒன்றுதான் அவற்றின் வழியே செல்லும். நியூட்டனின் வகுபட்ட வேறுபாடுகளால் கட்டினாலும் லாக்ராஞ்சியின் வாய்ப்பாட்டால் கட்டினாலும் வருவது அதே கோவைதான். மாறுவது கணக்கிடும் வழி மட்டும்.

கட்டுவது எளிது. கட்டியதை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் சிக்கல். புள்ளிகளை 11லிருந்து 21 ஆக்கினால் பிழை குறைந்துதானே ஆக வேண்டும் என்று தோன்றும். சில சார்புகளுக்கு அப்படியே நடக்கிறது. வேறு சிலவற்றுக்குப் பிழை முப்பது மடங்கு பெருகுகிறது. அதுவும், எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடக்கூடிய வழவழப்பான சார்புகளுக்கே. புள்ளிகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, சார்பு மெய்யெண் கோட்டுக்கு வெளியே எங்கே உடைகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. எண்ணிக்கை அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

பிழை வாய்ப்பாடும் அதன் எல்லையும்

மாறியை எக்ஸ் என்றும், படியை ந என்றும் குறிப்போம். அப்போது புள்ளிகள் ந+1. பாடப்புத்தகங்களில் வரும் பிழை வாய்ப்பாடு இது:

பிழை = [சார்பின் (ந+1)-ஆம் வகைக்கெழு ÷ (ந+1)!] × (எக்ஸ் − முதல் புள்ளி) × (எக்ஸ் − இரண்டாம் புள்ளி) × … × (எக்ஸ் − கடைசிப் புள்ளி)

வகைக்கெழுவை எடுக்க வேண்டிய இடம் இடைவெளிக்குள் எங்கோ ஒரு புள்ளி. அது எக்ஸ் மாற மாற இடம் மாறும், எங்கே என்று தெரியாது. நிறுவுவதற்கு ரோலின் தேற்றம் போதும்: ஒரு சார்பு இரண்டு இடங்களில் பூச்சியமானால், இடையில் எங்கோ அதன் வகைக்கெழு பூச்சியமாகும். எக்ஸை ஓரிடத்தில் நிறுத்தி, சார்பிலிருந்து கோவையையும், வலப்பக்கத்தில் உள்ள பெருக்கலின் ஒரு மடங்கையும் கழித்து, எக்ஸிலும் மதிப்பு பூச்சியமாகும்படி அந்த மடங்கைத் தேர்ந்துகொள்கிறோம். இப்போது ந+2 இடங்களில் பூச்சியம். ஒவ்வொரு முறை வகையிடும்போதும் ஒரு பூச்சியம் குறையும். ந+1 முறை வகையிட்ட பிறகும் ஒன்று மிஞ்சும். அந்த இடம்தான் வாய்ப்பாட்டில் வரும் தெரியாத புள்ளி.

படி குறைவாக, இடைவெளி சிறியதாக இருந்தால் இந்த வாய்ப்பாடு மிகச் சரியாக வேலை செய்கிறது. ஒரு பாகை இடைவெளியில் தயாரித்த சைன் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகை 0.0174533 ரேடியன். அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளை நேர்கோட்டால் இணைத்தால் பிழை, இடைவெளியின் வர்க்கத்தை எட்டால் வகுத்த அளவுக்கு மேல் போகாது: 0.000038. நான்கு தசம இலக்க அட்டவணைக்கு இது போதும். மூன்று புள்ளிகளில் இருபடிக் கோவை கட்டினால் பிழை 0.00000034. நான்கு புள்ளிகளில் முப்படிக் கோவை கட்டி, நடு இடைவெளியில் மட்டும் அதைப் பயன்படுத்தினால் 0.0000000022. சைனின் எந்த வகைக்கெழுவும் 1ஐத் தாண்டாது என்பதால் இந்த எண்களில் ஊகம் எதுவும் இல்லை.

‘நடு இடைவெளியில் மட்டும்’ என்ற நிபந்தனை முக்கியம். அதே முப்படிக் கோவையை ஓர இடைவெளியில் பயன்படுத்தினால் பிழை எல்லை 16/9 மடங்காகிறது. காரணம் அந்தப் பெருக்கல்தான். எக்ஸிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரங்களின் பெருக்கம் என்பதால் அதைத் தூரப்பெருக்கம் என்றே சொல்வோம். படி ஏற ஏற, நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு கடுமையாகும். 0, 1, 2, … 10 என்ற 11 புள்ளிகளில் 4.5 அருகே தூரப்பெருக்கம் சுமார் 4,800. அதுவே 0க்கும் 1க்கும் இடையில் உச்சமாகச் சுமார் 4,17,000. ஏறக்குறைய 87 மடங்கு. இடைவெளியைத் தாண்டி −0.5க்குப் போனால் 67 லட்சம், −1க்குப் போனால் 4 கோடி. இடைச்செருகல் கோவையை அட்டவணைக்கு வெளியே நீட்டிப் படிப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த எண்களே சான்று.

ஓரத்தில் பெருக்கம் பெரிதானாலும் (ந+1)! அதை விழுங்கிவிடும் சார்புகள் உண்டு. −1 முதல் 1 வரை அடுக்குக்குறிச் சார்பை எடுத்தால், அதன் எந்த வகைக்கெழுவும் 2.72ஐத் தாண்டாது, தூரப்பெருக்கம் மிக மோசமான நிலையிலும் 2-இன் (ந+1)-ஆம் அடுக்கைத் தாண்டாது, காரணீயப் பெருக்கமோ இரண்டையும்விட வேகமாக வளர்கிறது. ஆகவே புள்ளிகளை எங்கே வைத்தாலும் பிழை பூச்சியத்தை நோக்கிப் போகும். 11 சம இடைவெளிப் புள்ளிகளிலேயே பிழை எல்லை சுமார் 0.0000000006. கலப்பெண் தளம் முழுவதும் எங்குமே உடையாத எல்லாச் சார்புகளுக்கும் கோட்பாட்டளவில் இதே முடிவுதான். கணினியில் என்ன ஆகும் என்பது வேறு கதை. அதற்குப் பின்னால் வருவோம்.

ரூங்கே கண்டது

1901-இல் கார்ல் ரூங்கே 1/(1 + எக்ஸ்²) என்ற சார்பை −5 முதல் 5 வரை சம இடைவெளிப் புள்ளிகளில் ஆராய்ந்தார். அதையே −1 முதல் 1 வரை சுருக்கினால் 1/(1 + 25எக்ஸ்²) ஆகிறது. இனி இந்த வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு மேடு, இருபுறமும் சரிவு, எங்கும் கூர்முனை இல்லை. பார்ப்பதற்கு மிகச் சாதுவான சார்பு.

5 புள்ளிகளில் உச்சப் பிழை 0.44. 11 புள்ளிகளில் 1.92. 21 புள்ளிகளில் சுமார் 60. சார்பின் மதிப்பே எங்கும் 1ஐத் தாண்டாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த 60ஐப் பாருங்கள். நடுப்பகுதியில் கோவை சார்போடு நன்றாகவே ஒட்டிப் போகிறது. ஓரங்களில்தான் பெரும் அலைகளாக எழுகிறது. எல்லை கூர்மையானது: எக்ஸின் மட்டு மதிப்பு 0.7267க்குக் குறைவாக இருக்கும் இடமெல்லாம் ஒருங்குகிறது, அதாவது புள்ளிகள் கூடக் கூடப் பிழை பூச்சியத்தை நெருங்குகிறது; அதைத் தாண்டினால் விரிகிறது, பிழை பெருகிக்கொண்டே போகிறது. ரூங்கேயின் மூல இடைவெளியில் அந்த எல்லை 3.63.

பிழை வாய்ப்பாட்டை வைத்து இதை விளக்குவது வழக்கம்: இந்தச் சார்பின் வகைக்கெழுக்கள் வேகமாக வளர்கின்றன, 10-ஆம் வகைக்கெழு நடுவில் 10! × 5¹⁰ அளவு, ஆகவே காரணீயப் பெருக்கத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பார்கள். இதில் பொய் இல்லை. ஆனால் இது விளக்கமாகாது. அதே சார்புக்கு, அடுத்து வரப்போகும் செபிஷேவ் புள்ளிகளில், படி 20க்கு இதே வாய்ப்பாட்டைப் போட்டால் பிழை எல்லை 40 கோடிக்கு மேல் வரும். உண்மைப் பிழையோ 0.015. வாய்ப்பாடு பொய் சொல்லவில்லை. வகைக்கெழு எங்கே உச்சமாகிறதோ அந்த மதிப்பையும், பெருக்கம் எங்கே உச்சமாகிறதோ அந்த மதிப்பையும் நாம் தனித்தனியே எடுத்துப் பெருக்குவதால்தான் பயனற்ற எண் கிடைக்கிறது. ஒருங்குமா விரியுமா என்பதை அறிய வேறு கண் வேண்டும்.

கலப்பெண் தளத்திலிருந்து பார்த்தால்

1 + 25எக்ஸ்² என்பது மெய்யெண்களில் பூச்சியமாகாது. கற்பனை அச்சில் நடுவிலிருந்து 0.2 மேலேயும் 0.2 கீழேயும் பூச்சியமாகிறது. அந்த இரு துருவங்களில் சார்பு முடிவிலிக்குப் போகிறது. மெய்க்கோட்டில் வரைந்த படத்தில் இவை தெரிவதில்லை. கோவையோ இவற்றைத் தப்பாமல் உணர்கிறது.

எப்படி உணர்கிறது என்பதைப் பள்ளி இயற்கணிதத்திலேயே காட்டிவிடலாம். நடுவுக்கு இருபுறமும் சமச்சீராக, இரட்டைப்படை எண்ணிக்கையில் புள்ளிகளை வையுங்கள். சமச்சீரால் கோவையில் இரட்டை அடுக்குகள் மட்டுமே இருக்கும், ஆகவே அதன் படி ந−1ஐத் தாண்டாது. இப்போது 1 − (1 + 25எக்ஸ்²) × கோவை என்பதைப் பாருங்கள். இதன் படி ந+1க்கு மேல் போகாது. எல்லாப் புள்ளிகளிலும் இது பூச்சியம். ஆகவே இது தூரப்பெருக்கக் கோவையின் ஒரு மாறிலி மடங்காகத்தான் இருக்க முடியும். துருவத்தில் 1 + 25எக்ஸ்² பூச்சியமாவதால் அங்கே இதன் மதிப்பு 1. மாறிலி கிடைத்துவிட்டது:

பிழை = சார்பு × (எக்ஸில் தூரப்பெருக்கம்) ÷ (துருவத்தில் தூரப்பெருக்கம்)

இது எல்லை மதிப்பீடு அல்ல, துல்லியமான சமன்பாடு. −1, 1 என்ற இரு புள்ளிகளை வைத்துச் சோதியுங்கள்: கோவை 1/26 என்ற மாறிலி, நடுவில் பிழை 25/26. சமன்பாடு தருவதும் 1/1.04, அதாவது அதே 25/26.

இனி எல்லாமே தூரங்களின் போட்டி. புள்ளிகள் பெருகும்போது தூரப்பெருக்கத்தைப் பார்ப்பதைவிட, தூரங்களின் பெருக்குச் சராசரியைப் பார்ப்பது வசதி. எக்ஸிலிருந்து புள்ளிகளுக்கு உள்ள பெருக்குச் சராசரித் தூரம், துருவத்திலிருந்து உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் பிழை ஒவ்வொரு படிக்கும் ஒரே விகிதத்தில் சுருங்கும். அதிகமாக இருந்தால் பெருகும். −1 முதல் 1 வரை சம இடைவெளியில் நிறையப் புள்ளிகள் இருந்தால், நடுவிலிருந்து பெருக்குச் சராசரித் தூரம் 0.368. ஓரத்திலிருந்து 0.736. துருவத்திலிருந்து 0.494. நடுவில் 0.368/0.494, அதாவது 0.745, ஒவ்வொரு படிக்கும் பிழை கால்வாசி குறைகிறது. ஓரத்தில் 0.736/0.494, அதாவது 1.49; இரண்டு படி ஏறினால் பிழை ஏறக்குறைய இரு மடங்கு. பெருக்குச் சராசரித் தூரம் சரியாக 0.494 ஆகும் இடம் எது என்று தேடினால் 0.7267 கிடைக்கிறது. ரூங்கே கண்ட எல்லை இதுதான்.

எந்தச் சார்புக்குச் சம இடைவெளிப் புள்ளிகள் ஆபத்தில்லாதவை என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது. பெருக்குச் சராசரித் தூரம் 0.736 ஆக இருக்கும் இடங்களைக் கலப்பெண் தளத்தில் வரைந்தால், இரு ஓரங்களின் வழியாகவும் செல்லும் வில்லை போன்ற வளைவு வரும். அது கற்பனை அச்சை ±0.5255-இல் வெட்டும். சார்பின் துருவங்களும் பிற உடைவுகளும் அதற்கு வெளியே இருந்தால் இடைவெளி முழுவதும் ஒருங்கும். உள்ளே ஒன்று இருந்தாலும் ஓரங்களில் விரியும். 1/(1 + எக்ஸ்²) என்ற சார்பே −1 முதல் 1 வரை எடுத்தால் சம இடைவெளியிலும் ஒருங்குகிறது, ஏனென்றால் துருவம் 1 தொலைவில் வில்லைக்கு வெளியே நிற்கிறது. இடைவெளியை அகலப்படுத்திக்கொண்டே போய் −1.903 முதல் 1.903 வரை என்ற அளவைத் தாண்டும்போது துருவம் வில்லைக்குள் வந்துவிடுகிறது. சார்பு மாறவில்லை, நாம் எடுத்த இடைவெளிதான் மாறியது.

துருவம் மட்டுமல்ல, எந்தப் பகுமுறைச் சார்புக்கும், அதாவது இடைவெளியின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அடுக்குத் தொடராக எழுதக்கூடிய சார்புக்கும், இதே விகிதம்தான் ஆட்சி செய்கிறது. அதற்கு ஹெர்மைட் தந்த தொகையீட்டு வாய்ப்பாடு இருக்கிறது: இடைவெளியைச் சூழ்ந்த ஒரு மூடிய வளைவின்மேல், எக்ஸின் தூரப்பெருக்கத்தை வளைவின் தூரப்பெருக்கத்தால் வகுத்து, சார்பின் மதிப்பால் எடையிட்டுத் தொகையிடுவது. மேலே கண்ட சமன்பாடு அதன் ஒரு தனி நிலை.

ஓரங்களில் நெருக்கி வைத்தால்

கோளாறு ஓரங்களில் பெருக்குச் சராசரித் தூரம் ஏறுவதில் இருப்பதால், வழியும் அங்கேயே இருக்கிறது: ஓரங்களில் புள்ளிகளை நெருக்கி வைக்க வேண்டும். எவ்வளவு நெருக்குவது? இடைவெளி முழுவதும் பெருக்குச் சராசரித் தூரம் ஒரே அளவாகும்வரை. அதைச் சாதிப்பவை செபிஷேவ் புள்ளிகள். ஓர் அரைவட்டத்தின்மேல் சம கோணங்களில் புள்ளிகளை வைத்து, அவற்றை விட்டத்தின்மேல் செங்குத்தாக இறக்கினால் அவை கிடைக்கும். 11 புள்ளிகள் வேண்டுமென்றால் 90 பாகையை 11ஆல் வகுத்து, கிடைக்கும் 8.18 பாகையை 1, 3, 5, … 21ஆல் பெருக்கி ஒவ்வொன்றுக்கும் கோசைன் எடுங்கள். முதல் புள்ளி 0.990, இரண்டாவது 0.910, ஓர இடைவெளி 0.08. நடு இடைவெளி 0.28. வேறு இடைவெளிக்கு வேண்டுமென்றால் அரை நீளத்தால் பெருக்கி நடுப்புள்ளியைக் கூட்ட வேண்டும். படி ஏறும்போது ஓர இடைவெளி படியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்குகிறது; நடு இடைவெளி படிக்கு எதிர்விகிதத்தில்.

இந்தப் புள்ளிகளில் தூரப்பெருக்கம் 2-இன் ந-ஆம் அடுக்கின் தலைகீழைத் தாண்டாது. வேறு எந்தப் புள்ளி வைப்பும் உச்ச மதிப்பை இதைவிடக் குறைக்க முடியாது. பெருக்குச் சராசரித் தூரம் இடைவெளி முழுவதும் 0.5. துருவத்திலிருந்தோ 0.61. விகிதம் எங்கும் 0.82, ஓரம், நடு என்ற பாகுபாடே இல்லை. ரூங்கே சார்பின் பிழை 11 செபிஷேவ் புள்ளிகளில் 0.11, 21 புள்ளிகளில் 0.015. 51 புள்ளிகளுக்குப் போனால் லட்சத்தில் நான்கு. துருவம் எவ்வளவு அருகில் இருந்தாலும் சரி, மெய்யான இடைவெளியின்மேல் இல்லாதவரை ஒருங்குதல் உறுதி. அருகில் இருந்தால் மெதுவாக நடக்கும், அவ்வளவே. வேகத்தைக் கணிக்க, −1ஐயும் 1ஐயும் குவியங்களாகக் கொண்டு துருவத்தின் வழியே செல்லும் நீள்வட்டத்தை வரைந்து, அதன் அரை நெட்டச்சையும் அரைக் குற்றச்சையும் கூட்டுங்கள். இங்கே 1.0198 + 0.2 = 1.22. ஒவ்வொரு படிக்கும் பிழை இந்த எண்ணால் வகுபடும்.

சார்பு பகுமுறையானதாக இல்லாவிட்டால் வேகம் குறைந்துவிடும். எக்ஸின் மட்டு மதிப்பு என்ற சார்பு நடுவில் மடிகிறது. சம இடைவெளிப் புள்ளிகளில் அதற்கான கோவைகள் −1, 0, 1 என்ற மூன்று இடங்களைத் தவிர எங்குமே ஒருங்குவதில்லை என்று பெர்ன்ஸ்டைன் நிறுவினார். செபிஷேவ் புள்ளிகளில் ஒருங்குகிறது, ஆனால் பிழை படிக்கு எதிர்விகிதத்தில்தான் குறையும். ஆறு இலக்கத் துல்லியத்துக்கு லட்சக்கணக்கான படி வேண்டும். இங்கே படியை ஏற்றுவது வீண் வேலை. மடிப்பு இருக்கும் இடத்தில் இடைவெளியை இரண்டாக வெட்டினால் இருபுறமும் படி 1 போதும், பிழை பூச்சியம். மடிப்பு எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் வெட்டுவதே எப்போதும் முதல் வேலை.

லெபேக் மாறிலியும் கணினியும்

இதுவரை பேசியது சார்பின் மதிப்புகள் பிசகின்றிக் கிடைத்தால் என்ன ஆகும் என்பது. அளவீட்டுப் பிழையோ கணினியின் முழுமையாக்கல் பிழையோ கலந்திருந்தால்? தரவில் உள்ள சிறு பிழையை இடைச்செருகல் அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்கும் என்பதைச் சொல்வது லெபேக் மாறிலி. இது புள்ளிகளின் இடங்களை மட்டுமே சார்ந்தது, சார்பைச் சார்ந்ததல்ல.

சம இடைவெளியில் 11 புள்ளிகளுக்கு அது 29.9. 21 புள்ளிகளுக்கு சுமார் 10,987. 51 புள்ளிகளுக்கு லட்சம் கோடிகளில். ஏறக்குறைய ஒவ்வொரு படிக்கும் இரட்டிக்கிறது. 21 சம இடைவெளிப் புள்ளிகளில் மூன்றாம் தசம இலக்கத்தில் 1 பிசகினால், அதாவது 0.001 பிழை இருந்தால், ஓரத்தில் அது 11 வரை போகலாம். செபிஷேவ் புள்ளிகளுக்கு மாறிலி மடக்கை வேகத்தில்தான் வளர்கிறது: 11 புள்ளிகளுக்கு சுமார் 2.5, 101 புள்ளிகளுக்கு 4க்குக் கீழ், பத்து லட்சம் புள்ளிகளுக்கும் 10க்குக் கீழ்.

அடுக்குக்குறிச் சார்பின் வேறு கதை இப்போது புரியும். கோட்பாட்டில் சம இடைவெளியிலும் அது ஒருங்க வேண்டும். கணினியில் இரட்டைத் துல்லியத்தில் கணக்கிட்டால் ஒவ்வொரு மதிப்பிலும் 10⁻¹⁶ அளவு முழுமையாக்கல் பிழை இருக்கும். படியை ஏற்றும்போது பிழை முதலில் வேகமாகக் குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்பி ஏறத் தொடங்கும். படி 50-இல் பதின்மூன்றாம் இலக்கத்துக்குப் பதில் நான்காம் இலக்கமே சந்தேகத்துக்குரியதாகிவிடும். நிரலில் தவறு தேடி நேரம் போக்க வேண்டாம். புள்ளிகளை மாற்றுங்கள்.

லெபேக் மாறிலிக்கு இன்னொரு பயனும் உண்டு. அந்தப் படியில் சாத்தியமான மிகச் சிறந்த கோவையின் பிழையை, மாறிலியோடு 1 கூட்டிப் பெருக்கினால் வருவதைவிட இடைச்செருகலின் பிழை அதிகமாகாது. செபிஷேவ் புள்ளிகளில் அந்தப் பெருக்கு எண் நடைமுறைப் படிகளில் 5, 6-க்குள் அடங்குவதால், மிகச் சிறந்த கோவையைத் தேடி உழைத்தாலும் ஓர் இலக்கத்துக்கும் குறைவாகவே லாபம். அதனால்தான் அந்தத் தேடல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

கோவையை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். எக்ஸின் அடுக்குகளைக் கொண்டு அணிச் சமன்பாடு அமைத்துக் கெழுக்களைத் தீர்ப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் வாண்டர்மாண்ட் அணி எனப்படும் அந்த அணி, தரவின் சிறு பிழையைப் பெருக்கும் அளவு படியோடு அடுக்குவேகத்தில் ஏறுகிறது, நல்ல புள்ளிகளை வைத்திருந்தாலும்கூட. லாக்ராஞ்சி வாய்ப்பாட்டின் எடைமைய வடிவம் இதற்குத் தீர்வு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எடை. எடையை (எக்ஸ் − புள்ளி)-ஆல் வகுத்து, சார்பின் மதிப்புகளால் பெருக்கிக் கூட்டியதை, பெருக்காமல் கூட்டியதால் வகுத்தால் விடை. ஓரங்களையும் சேர்த்துக்கொள்ளும் செபிஷேவ் புள்ளிகளுக்கு, அதாவது 180 பாகையை ந சம கூறாக்கி எடுத்த கோசைன்களுக்கு, எடைகள் 1, −1, 1, −1 என்று மாறி மாறி வரும். இரு ஓரங்களில் மட்டும் பாதி. வேறு கணக்கே இல்லை. எக்ஸ் ஒரு புள்ளியோடு சரியாகப் பொருந்தினால் பூச்சியத்தால் வகுக்க நேரும். அந்த நிலையை மட்டும் நிரலில் தனியே பார்த்து, தெரிந்த மதிப்பை அப்படியே கொடுத்துவிட வேண்டும். சம இடைவெளியிலோ எடைகள் ஈருறுப்புக் கெழுக்கள். 21 புள்ளிகளில் ஓரத்தில் 1, நடுவில் 1,84,756. லெபேக் மாறிலி சொன்ன அதே நோய் இங்கே எடைகளில் தெரிகிறது.

எல்லாச் சார்புக்கும் ஒரே புள்ளிகள் உண்டா?

தொடர்ச்சியான எந்தச் சார்பையும் கோவைகளால் வேண்டிய அளவு நெருங்கலாம் என்று 1885-இல் வயர்ஸ்ட்ராஸ் நிறுவினார். அப்படியானால் எல்லாத் தொடர்ச்சியான சார்புகளுக்கும் ஒருங்கும் ஒரு புள்ளி வைப்பு இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இயல்பானது. 1914-இல் ஃபேபர் அதை மறுத்தார்: புள்ளிகளை எந்த முறையில் வைத்தாலும், அந்த முறை தோற்கும் ஒரு தொடர்ச்சியான சார்பு இருக்கும். லெபேக் மாறிலி எந்த வைப்பிலும் மடக்கை வேகத்திலாவது வளர்ந்தே தீரும் என்பதுதான் இதன் அடிப்படை. மறுபுறம், ஒரு சார்பை முதலில் கொடுத்துவிட்டால் அதற்கென்றே ஒருங்கும் புள்ளிகளைத் தேர்ந்துகொள்ள முடியும் என்று 1937-இல் மார்சின்கீவிச் காட்டினார்.

ஃபேபரின் முடிவைக் கேட்டுவிட்டு, உயர்படிக் கோவைகளே ஆபத்து என்று ஒதுக்குவதை அடிக்கடி பார்க்கலாம். அது தவறான பாடம். செபிஷேவ் புள்ளிகள் தோற்கும் சார்புகள் வேண்டுமென்றே கட்டமைக்கப்பட்டவை. மதிப்பின் மாற்றம் தூரத்துக்கு விகிதசமமாகக் கட்டுப்பட்டிருந்தாலே ஒருங்குதல் உறுதியாகிவிடுகிறது. நடைமுறையில் எதிர்ப்படும் சார்புகள் ஏறக்குறைய அனைத்தும் இந்த நிபந்தனைக்குள் வரும். வராத வர்க்கமூலம் போன்றவற்றுக்கும் சற்றுத் தளர்ந்த நிபந்தனை போதும்.

கையில் இருப்பது சம இடைவெளித் தரவு என்றால்

சார்பை விரும்பிய இடத்தில் கணக்கிட முடிந்தால் செபிஷேவ் புள்ளிகளே விடை. கருவி ஒன்று நொடிக்கு ஒருமுறை பதிவு செய்த தரவு என்றால் புள்ளிகளை நகர்த்த முடியாது. அப்போது உயர்படி ஒற்றைக் கோவையை மறந்துவிடுங்கள். துண்டு துண்டாகக் குறைந்த படியில் போகலாம், அல்லது முப்படிப் பட்டிவளைவைப் (சேருமிடங்களில் வழவழப்பாக இணையும் முப்படிக் கோவைத் துண்டுகள்) பயன்படுத்தலாம். பட்டிவளைவின் பிழை எல்லை, இடைவெளியின் நான்காம் அடுக்கு × நான்காம் வகைக்கெழுவின் உச்சம் × 5/384. இது ஓரச் சாய்வுகள் சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தால். ஓரங்களில் இரண்டாம் வகைக்கெழுவைப் பூச்சியமாக்கும் ‘இயல்பு’ வகையை எடுத்தால், சார்பு உண்மையில் அப்படி இல்லாதபோது ஓரத்தை ஒட்டிய பிழை நான்காம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு இறங்கிவிடும். சாய்வு தெரியாதபோது, முதல் இரண்டு துண்டுகளையும் ஒரே முப்படிக் கோவையாக்கி, கடைசி இரண்டையும் அவ்வாறே செய்யும் வகை நல்லது.

ரூங்கே சார்புக்கு 201 புள்ளிகளில் ஒப்பிட்டால் ஒவ்வொன்றின் தரமும் தெரியும். நேர்கோட்டுத் துண்டுகள்: உச்சப் பிழை சுமார் 0.0006. முப்படிப் பட்டிவளைவு: 0.000002. செபிஷேவ் புள்ளிகளில் ஒற்றைக் கோவை: இரட்டைத் துல்லியத்தின் கடைசி இலக்கம் வரை சரி. சம இடைவெளியில் ஒற்றைக் கோவை: பேசிப் பயனில்லை.

தரவில் இரைச்சல் இருந்தால் எல்லாப் புள்ளிகள் வழியாகவும் செல்ல வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, மீச்சிறு வர்க்க முறையில், அதாவது பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகச் சிறியதாகும்படி, குறைந்த படிக் கோவையைப் பொருத்துவது மேல். படி, புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல் இரு மடங்குக்குள் இருந்தால் ஓர அலைகள் அடங்கியிருக்கும்: 100 புள்ளிகளுக்குப் படி 20. 2007-இல் ஃப்ளோட்டரும் ஹோர்மானும் தந்த விகிதமுறு இடைச்செருகல் இன்னொரு நல்ல வழி. அடுத்தடுத்த சிறு கோவைகளை எடையிட்டுக் கலக்கும் அதன் வாய்ப்பாடு, மெய்க்கோட்டில் எங்கும் துருவம் வராதபடி அமைந்தது.

எந்த முறையானாலும் பிழையைச் சோதிக்கப் புள்ளிகளிலேயே பார்ப்பது பயனற்றது; அங்கே அது எப்போதும் பூச்சியம். கடைசி இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் பாருங்கள். படியை இரட்டித்து, பழைய கோவைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை அரை மடக்கைத் தாளில் (வேறுபாட்டின் அச்சு மட்டும் மடக்கை) குறித்துப் பாருங்கள். நேர்கோடாக இறங்கினால் சார்பு பகுமுறையானது, சாய்வு அருகிலுள்ள துருவத்தின் தூரத்தைச் சொல்கிறது. வளைந்து வளைந்து மெதுவாக இறங்கினால் எங்கோ ஒரு வகைக்கெழு உடைகிறது. அந்த இடத்தைத் தேடி வெட்டுங்கள். 10⁻¹⁶ அருகே தட்டையானால் வேலை முடிந்தது. இறங்கியபின் ஏறினால் புள்ளி வைப்பிலோ கணக்கிடும் முறையிலோ நிலையாமை இருக்கிறது.

சம இடைவெளித் தரவிலிருந்து செபிஷேவ் புள்ளிகளின் வேகத்தைப் பெற்றுத்தரும் தந்திரம் ஏதேனும் இருக்காதா என்று பலரும் தேடியிருக்கிறார்கள். 2011-இல் பிளாட், டிரெஃபெதன், குய்லார்ஸ் மூவரும் அதற்கு விடை சொல்லிவிட்டார்கள்: சம இடைவெளி மதிப்புகளிலிருந்து எல்லாப் பகுமுறைச் சார்புகளுக்கும் அடுக்குவேகத்தில் ஒருங்கும் எந்த முறையும், கோவையோ வேறு எதுவோ, அடுக்குவேகத்தில் நிலையிழந்தே தீரும். நிலையான முறை வேண்டுமென்றால், ஒருங்கும் வேகம் அதிகபட்சம் புள்ளி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை அடுக்காகக் கொண்டதுதான். 100 புள்ளிகளுக்குப் படி 20 என்ற அளவுகோலின் பின்னால் இருப்பதும் அதே வர்க்கமூலம்தான்.